அவசரமே இல்லாத மூன்று நாள்

லோசான், ஏப்ரல் 9, 1972

நுன்ட்சியா,

இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே. அவளிடம் சொன்னால் பூசை முடிவதற்குள் கோவில் வாசல் வரை செய்தி போய்விடும்.

கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது மிலேனா உன் காதோடு கேட்டது எனக்கும் கேட்டது. "அந்த ஆளு எப்பம்மா போவாரு?" என்றாள். நீ சிரித்துச் சமாளித்தாய், நானும் சிரித்தேன். உள்ளே என்ன ஆயிற்று என்று எனக்குத்தான் தெரியும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அப்பன் என்றால் டிசம்பரில் வந்து மார்ச்சில் போகிற விருந்தாளி. இந்த அயல்நாட்டில் எனக்குக் கொடுத்திருப்பது சீசன் அனுமதி. வேலை செய்யலாம், பெண்டாட்டி பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ளக் கூடாது. இன்னும் இரண்டு சீசன் இடைவிடாமல் முடித்தால்தான் குடும்பத்தை அழைக்க அனுமதி கேட்கலாம். நடுவில் விட்டுப் போனால் இதுவரை உழைத்த வருஷங்கள் எதுவும் கணக்கில் வராது. அதற்குள் அவள் வளர்ந்துவிடுவாள், நான் அந்த ஆளாகவே இருந்துவிடுவேன்.

ஆனால் ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை இவர்கள் தடுப்பதில்லை. ஜூன் தொடக்கத்தில் நீயும் அவளும் வாருங்கள். ஏரிக்கரை நகரத்தை மூன்று நாள் பார்க்க வந்தோம் என்று எல்லையில் சொல். நான் தொழிலாளர் கொட்டகையை விட்டுவிட்டு ஒரு அறை எடுத்திருக்கிறேன். மூன்று நாள் முடிந்த பிறகு நீங்கள் திரும்பிப் போகப்போவதில்லை. அந்த அறையிலேயே என்னோடு இருந்துவிடுவீர்கள், யாருக்கும் தெரியாமல்.

மாட்டிக்கொள்ளாமல் எல்லையைத் தாண்ட ஒரே வழி, அசல் பயணிகள் மாதிரி இருப்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊஷிக்குப் போய், ஏரிக்கரையில் நின்று, அவர்களைப் பார்த்துப் பாடம் படிக்கிறேன். அவர்களுக்கு அவசரம் என்று ஒன்று இல்லவே இல்லை. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்கிறார்கள். எழுந்து அடுத்த பெஞ்சு வரை நடந்து மறுபடியும் உட்கார்கிறார்கள். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த ரொட்டி கிடையாது. பெட்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொள்வதில்லை. போலீஸ்காரர் எதிரே வந்தால் தலையைக் குனிவதில்லை, அவரிடமே போய் வழி கேட்கிறார்கள்! நீயும் அப்படிப் பழகு. மெதுவாக நட.

டொனாட்டோ


ருஃபானோ, ஏப்ரல் 20

டொனாட்டோ,

அடுப்பில் போட்டேன். போடுவதற்கு முன் திரும்பத் திரும்பப் படித்தேன். முதலில் சந்தோஷம், சொல்லி முடியாத சந்தோஷம். பிறகு பயம்.

மெதுவாக நட என்று சுலபமாக எழுதிவிட்டாய். நேற்று கையில் கூடை இல்லாமல் சந்தை மைதானத்தைச் சும்மா ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். பொம்பேயா ஜன்னலிலிருந்து கத்துகிறாள்: "என்னடி நுன்ட்சியா, கால் பிசகிக்கிச்சா?"

"இல்லக்கா, சும்மா நடக்கறேன்."

"சும்மாவா? ஐயையோ, யாரு செத்தா?"

நம் ஊரில் வெறுங்கையோடு மெதுவாக நடப்பது சவ ஊர்வலத்தில் மட்டும்தான். உனக்கு அது மறந்துபோய்விட்டது.

ஜூனில் புகையிலை பறிப்பு தொடங்கிவிடும். இலை கோர்க்கிற இடத்து மேஸ்திரியம்மாவிடம் இப்போதே சொல்லிவைத்தேன். "புருஷனைப் பாக்க வேற மாசமே கிடைக்கலையா? இலை என்ன உனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?" என்றாள். மூன்று நாள்தான் என்றேன். பொய் சொல்லி முகம் சிவந்துவிட்டது. அவள் வேறு எதற்கோ சிவந்தது என்று நினைத்துக்கொண்டு என் இடுப்பில் ஒரு இடி இடித்துச் சிரித்தாள்.

சரி, மூன்று நாளுக்குப் பிறகு என்ன? நீ வேலைக்குப் போன பிறகு நாங்கள் என்ன செய்வோம்? மிலேனா எங்கே விளையாடுவாள்? இவள் கோழியைத் துரத்தினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். பாடாமல் ஒரு வாய் சாப்பிட மாட்டாள். அறைக்குக் கீழே யார் இருக்கிறார்கள், மேலே யார்? சுவர் கெட்டியானதா? இதையெல்லாம் எழுதாமல் பெஞ்சைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். நீ சொல்லாமல் விடுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிற ஆசை பயத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. அதை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது.

நுன்ட்சியா


லோசான், மே 3

நுன்ட்சியா,

பதில் எழுதத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். நீ கேட்டது எல்லாம் சரி. அதனால்தான் எழுதக் கஷ்டமாக இருந்தது.

அறை நாலாவது மாடியில். நேர் கீழே வீட்டுக்காரி, மேடம் ரோஷா, கணவர் இல்லாதவள், நல்ல மனுஷி. நான் படியேறும் சத்தத்தை வைத்தே, "இன்னிக்கு லேட்டு போல இருக்கே, முசியே டொனாட்டோ?" என்று மறுநாள் கேட்பாள். அவ்வளவு பாம்புக் காது. தனியாள் என்று சொல்லித்தான் அறையை வாங்கினேன். அதனால் நீங்கள் இருவரும் செருப்புப் போடக் கூடாது, கம்பளிக் காலுறை மட்டும். நான் வேலையில் இருக்கும்போது குழாயைத் திறக்கக் கூடாது, கழிவறையில் தண்ணீர் இழுத்துவிடக் கூடாது. ஜன்னல் திரை எப்போதும் மூடியே இருக்க வேண்டும். துணி உலர்த்துவது கட்டடத்துக்கே பொதுவான இடத்தில். அங்கே ஒரு சின்னக் காலுறை தொங்கினால் போதும், நம் கதை முடிந்தது. யாராவது கதவைத் தட்டினால் மிலேனா சத்தம் இல்லாமல் கட்டிலுக்கு அடியில் போய்விட வேண்டும். விளையாட்டு மாதிரி இப்போதே பழக்கிவிடு. இங்கே இப்படி வளர்கிற பிள்ளைகள் நிறைய இருக்கிறார்களாம். வேலை செய்யும் இடத்தில் காதோடு காதாகப் பேசிக்கொள்வார்கள்.

முகத்தைச் சுளிக்காதே. முதல் மூன்று நாள் இருக்கிறதே, அது பொய் இல்லை. அந்த மூன்று நாளும் நாம் சட்டப்படியே பயணிகள். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன விடுதியில் இடம் சொல்லி வைத்திருக்கிறேன். முதல் நாள் எங்கும் போக வேண்டாம், ஊஷியில் ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்காருவோம். எதிர்க்கரை மலை உச்சியில் இன்னும் பனி இருக்கும். இரண்டாம் நாள் கப்பல். பக்கவாட்டில் பெரிய சக்கரம் சுற்றுகிற வெள்ளைக் கப்பல். எங்கேயும் இறங்க வேண்டாம், சும்மா போய்விட்டுச் சும்மா திரும்புவோம். மூன்றாம் நாள் மேட்டுச் சந்தை. அங்கிருந்து மரக்கூரை போட்ட படிக்கட்டு ஒன்று பெரிய கோவிலுக்கு ஏறுகிறது. நின்று நின்று ஏறலாம். அவளைத் தோளில் தூக்கிக்கொள்கிறேன். ஏரி மீனை வெண்ணெயில் பொரித்துக் கொடுக்கிற கடை ஒன்று கீழே இருக்கிறது. இத்தனை வருஷமாக அந்த வாசனையைத் தாண்டி நடந்திருக்கிறேனே தவிர, உள்ளே போனதில்லை. கப்பலிலும் ஏறினதில்லை. உங்களோடுதான் முதல் தடவை.

நாலாம் நாள் காலையில் மேடம் ரோஷா கடைக்குப் போகும் நேரத்தில் அறைக்குள் போய்விடுவோம். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

டொனாட்டோ


ருஃபானோ, மே 14

டொனாட்டோ,

உன் கடிதத்தில் பாதி கப்பல், பாதி கழிவறை. நான் பெற்றது பிள்ளையா, கள்ளச் சிகரெட்டா, கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைக்க? உனக்குப் பதிலே எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். "ஏன்டி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?" என்று உன் அம்மா கேட்கும்படி ஆகிவிட்டது.

பிறகு பழக்கினேன். வேறு வழி? ஊமை மீன் விளையாட்டு என்று பெயர் வைத்தேன். "நான் மீனுன்னு சொன்னா நீ மீனு. மீனு பேசாது, சிரிக்காது. சத்தம் வந்தா தோத்துட்ட." முதலில் தோற்றுக்கொண்டே இருந்தாள். கன்னத்தை உப்பி வைத்துக்கொண்டு, அடக்க முடியாமல் வெடித்துச் சிரிப்பாள். "இன்னொரு வாட்டிம்மா, இன்னொரு வாட்டி!" ஜெயித்தால் சர்க்கரை தூவிய ரொட்டி.

நேற்று பொம்பேயா வந்து கதவைத் தட்டினாள். நான் மீன் என்று சொல்லவே இல்லை, திரும்பிப் பார்த்தால் பிள்ளையைக் காணோம். பொம்பேயா உட்கார்ந்து ஊர்வம்பு முழுக்கப் பேசினாள். "புள்ள எங்கடி?" என்று கேட்டாள். அத்தை வீட்டில் என்று சொல்லி அனுப்பினேன். அவள் போனதும் குனிந்து பார்த்தேன். சுவரோடு ஒட்டிக் கிடந்தாள். முழங்காலில் எறும்பு கடித்துத் தடித்துப் போயிருக்கிறது, சொறியக்கூட இல்லை. "ஜெயிச்சேனாம்மா?" என்றாள். உதடு மட்டும்தான் அசைந்தது, குரல் இல்லை.

"ஜெயிச்சேடி கண்ணு" என்று சொல்லி ரொட்டியைக் கொடுத்தேன். அவள் சாப்பிட்டாள். இவ்வளவு சீக்கிரம் பழகிவிடுவாள் என்று நான் நினைக்கவில்லை. பழகாவிட்டால் அங்கே என்ன ஆகுமோ என்று பயந்தேன். பழகிவிட்டதைப் பார்த்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது. நீ பக்கத்தில் இருந்து அவள் முகத்தைப் பார்த்திருந்தால் உனக்குப் புரிந்திருக்கும்.

நுன்ட்சியா


லோசான், மே 24

நுன்ட்சியா,

சிப்ரியானோ மாட்டிக்கொண்டான். கட்டட வேலையில் என்னோடு சென்ட்ரிங் பலகை அடிக்கிறவன், பெர்கமோ பக்கத்து ஆள். அவனுடைய சின்ன மகள் இந்த ஊரில் ஒளிந்திருந்ததே எனக்குத் தெரியாது. தினமும் என் எதிரே நின்று பலகை பிடிக்கிறவன், ரொட்டியைப் பங்கு போட்டுத் தின்கிறவன், என்னிடமே மூச்சு விடவில்லை. தெருவில் பேண்டு வாத்தியம் போயிருக்கிறது. அந்தப் பிள்ளை திரையை விலக்கி எட்டிப் பார்த்திருக்கிறது, அவ்வளவுதான். யாரோ எதிர்வீட்டுக்காரர்கள் போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். வந்தவர்கள் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளையை நாட்டைவிட்டு அனுப்பச் சொன்னார்களாம். இப்போது அவள் எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னியாஸ்திரிகள் விடுதியில் இருக்கிறாள். சிப்ரியானோ வேலைக்கு வந்து வழக்கம்போலப் பலகையைப் பிடித்தான். "ஒரே ஒரு வாட்டிதான்டா அந்தத் திரையத் தொட்டா" என்றான்.

வராதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. படியில் யார் ஏறினாலும் எழுந்துபோய்க் கதவில் காதை வைக்கிறேன். நீங்கள் இன்னும் வரவே இல்லை, அதற்குள் இப்படி. அறையில் தனியாக இருக்கும்போதே காலுறையோடு நடக்கிறேன். தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைக்கிறேன். பழகிப் பார்க்கிறேன்.

வா. ஆனால் அவளை இன்னும் பழக்கு. விழுந்தாலும் அழக் கூடாது. அடிபட்டாலும் அழக் கூடாது. மற்ற சத்தத்துக்கெல்லாம் ஏதாவது சமாதானம் சொல்லலாம், பிள்ளை அழுகிற சத்தத்துக்கு என்ன சொல்வேன்? நீ கல்நெஞ்சனா என்று கேட்பாய். கேள். நான் பயந்து செத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆறாம் தேதி நிலையத்தில் நிற்பேன். என்னைப் பார்த்ததும் ஓடி வராதே.

டொனாட்டோ


ருஃபானோ, ஜூன் 2

டொனாட்டோ,

பெட்டி கட்டியாகிவிட்டது. மூன்று நாளுக்கான துணிதான். எண்ணெய் இல்லை, பாலாடைக்கட்டி இல்லை. உன் அம்மா மிலேனாவின் கம்பளிக் கோட்டைத் திணித்தாள், நான் வெளியே எடுத்தேன். "அங்க குளிருமேடி!" என்றாள். "ஜூன்ல என்னம்மா குளிரு, மூணு நாளுதானே" என்றேன். குளிர்காலத்தில் பிள்ளை எதைப் போட்டுக்கொள்ளும் என்று நீயும் யோசிக்கவில்லை, நானும் இப்போதுதான் யோசிக்கிறேன்.

நீ சொன்னதைப் பழக்கிவிட்டேன். எப்படிப் பழக்கினேன் என்று கேட்காதே.

அவளுக்குக் கப்பலைப் பற்றி மட்டும் சொல்லியிருக்கிறேன். சக்கரம் எந்தப் பக்கம் சுற்றும் என்று கேட்கிறாள். எனக்கு என்ன தெரியும்?

வருகிறோம். மாதாவே, வருகிறோம்.

நுன்ட்சியா


ருஃபானோ, ஜூன் 9

டொனாட்டோ,

தந்தி கிடைத்திருக்கும். "நலம், ஊருக்குத் திரும்புகிறோம்" என்பதற்கு மேல் அதில் எழுத எனக்குத் தெம்பு இல்லை. யாரும் எங்களைத் திருப்பி அனுப்பவில்லை. நானாகத்தான் இறங்கினேன். அதை முதலில் தெரிந்துகொள், பிறகு திட்டு.

எல்லை வரை எல்லாம் நீ சொன்னபடியே நடந்தது. மடியில் கையை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி சீமாட்டி மாதிரி உட்கார்ந்திருந்தேன். எல்லையோர டொமொடோசோலா நிலையம் தாண்டியதும் பாஸ்போர்ட் பார்க்கிறவர் வந்தார். நரைத்த மீசைக்காரர்.

"எங்க போறீங்க?"

"லோசானுக்கு. ஏரிக்கரையில மூணு நாள்."

"என்னென்ன பாக்கப் போறீங்க?"

நீ எழுதியதை அப்படியே சொன்னேன். கப்பல், மேட்டுச் சந்தை, மரக்கூரைப் படிக்கட்டு. ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. பெட்டியைத் திறக்கச் சொல்லவே இல்லை, முத்திரை குத்திவிட்டார். "நிதானமா சுத்திப் பாருங்க. இந்த மாசம் ஏரி ரொம்ப நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டு வெளியே நடைவழிக்குப் போய்க் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினார்.

மிலேனாவின் கை கதவிடுக்கில் இருந்தது.

எனக்குத் தெரியவில்லை டொனாட்டோ, சத்தமே வரவில்லையே! கதவு சரியாக மூடவில்லை என்று அவர் மறுபடியும் அழுத்தி இழுத்தார். அப்போதுதான் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "ஐயோ, கடவுளே!" என்று அந்தப் பெரிய மனுஷன் அலறினார். இவள் அலறவில்லை. விரலெல்லாம் இரத்தம், ஒரு நகம் பிய்ந்து தொங்குகிறது. என் பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறாள்.

"அழுடி" என்றேன். "அழலாம்டி என் தங்கம், இப்ப அழலாம்." மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். நான் ஏமாற்றிப் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டாள். வீட்டில் அப்படித்தான் பழக்கினேன். கையைக் கிள்ளிவிட்டு, அழலாம் என்று சொல்வேன். அழுதால் தோற்றுவிட்டாள் என்று ரொட்டியை எடுத்துவிடுவேன்.

அவர் மண்டிபோட்டுத் தன் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டினார். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என் பேத்திக்கு முள்ளு குத்தினா தெருவே கூடிடும்மா" என்றார். "இந்த மாதிரி அழாத பிள்ளைங்கள இந்த ரயில்லதான் பாக்கறேன்." அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் வேறு எதுவும் கேட்கவில்லை, குத்திய முத்திரையை அழிக்கவும் இல்லை. எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

அடுத்து வந்த பிரிக் நிலையத்தில் இறங்கினேன். ஒரு நர்ஸ் பிய்ந்த நகத்தை எடுத்துவிட்டுக் கட்டுப் போட்டாள். அதற்கும் சத்தம் இல்லை. அடுத்த லோசான் ரயில் வந்து என் முன்னால் நின்றது. கதவு திறந்திருந்தது. நீ நிலையத்தில் காத்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். ஏறியிருக்கலாம். அவளைத் தூக்கிக்கொண்டு எதிர் பிளாட்பாரத்துக்குப் போனேன்.

இன்னும் கிசுகிசுத்துத்தான் பேசுகிறாள். யார் கதவைத் தட்டினாலும் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். விளையாட்டு முடிந்துவிட்டது என்று எத்தனை சொல்லியும் நம்பவில்லை. உன் அம்மா தரையில் படுத்துக்கொண்டு, "வெளிய வாடி ராசாத்தி" என்று கெஞ்சுகிறாள். இது நான் செய்த வேலை. நீ சொல்லி நான் செய்த வேலை. உன் சீசனை முடிப்பதும் முடிக்காததும் உன் இஷ்டம். இவளை இனிமேல் நான் எங்கேயும் ஒளித்து வைக்க மாட்டேன்.

நுன்ட்சியா


லோசான், ஜூன் 16

நுன்ட்சியா,

அன்று ரயில் வந்தது. எல்லோரும் இறங்கிப் போனார்கள், நீங்கள் இல்லை. பிடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். யாரிடமாவது ஓடிப்போய்க் கேட்டிருக்க வேண்டாமா? பத்திரிகைக் கடைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். என் பெண்டாட்டி பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. தந்தி வந்த பிறகுதான் மூச்சு வந்தது. உன் கடிதத்தைப் படித்ததும் அதுவும் போய்விட்டது.

அடிபட்டாலும் அழக் கூடாது என்று எழுதியவன் நான்தான். உன்னை எப்படித் திட்டுவேன்?

இன்று மேஸ்திரியிடம் போய் ஊருக்குப் போகிறேன் என்றேன். பக்கத்தில் கலவை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "என்னய்யா? சத்தமா சொல்லு" என்றார். மறுபடி சொன்னேன். "கேக்கலய்யா!" எனக்குக் குரலே எழும்பவில்லை நுன்ட்சியா, எத்தனை முயன்றும். சிப்ரியானோ வந்து என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு எனக்காகக் கத்தினான்: "ஊருக்குப் போறானாம்! திரும்பி வரமாட்டானாம்!" மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "பைத்தியமா உனக்கு? இன்னும் ரெண்டே சீசன்தானே இருக்கு?" ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அறையைக் காலி செய்யப்போவதாக மேடம் ரோஷாவிடம் சொல்லப் போனேன். உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். வழியில் சாப்பிட என்று செர்ரி ஜாம் ஒரு புட்டியும் கொடுத்தாள். "நீங்க சின்ன தலகாணி ஒண்ணு வாங்கிட்டு வந்தீங்களே, படியில பாத்தேன். குழந்தை வரப்போகுதுன்னு அப்பவே தெரியும்" என்றாள். "நல்ல வேளை அவங்க வரல, முசியே டொனாட்டோ. வந்திருந்தா நான் போலீசுக்குச் சொல்லியாகணும். சட்டம்னா சட்டம்தானே? எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்." சொல்லும்போது அந்த நல்ல முகம் மாறவே இல்லை. ஜாமை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன். நீ இறங்கினாயே பிரிக்கில், நுன்ட்சியா, அதற்கு நான் உன் காலில் விழ வேண்டும்.

அடுத்த வாரம் சனிக்கிழமை ரயில் ஏறுகிறேன். அதற்கு முன்னால் இந்தக் கடிதம் வந்து சேரட்டும். ஊரில் பிழைப்புக்கு என்ன வழி என்று எனக்குத் தெரியாது. அந்தப் பயத்தை வந்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்து படுவோம்.

இப்போது இருப்பது வேறு பயம். நான் வந்து கதவைத் தட்டினால் அவள் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். அதனால் நான் தட்டப்போவதில்லை. கதவைத் திறந்தே வைத்திரு. எதிரே தெருவிலேயே பெட்டியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறேன். பொம்பேயா பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும். நீயும் என்னைக் கூப்பிடாதே, அவளையும் கையைப் பிடித்து இழுத்து வராதே. அவளாக வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்து, "யாரு நீ?" என்று தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டுக் கேட்கட்டும். அதுவரை நான் எழுந்து உள்ளே வர மாட்டேன்.

டொனாட்டோ